ஏழாம் ஆங்கெரான் த கூசி: வாழ்க்கையும் வம்சமும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருங்க இந்த கூசி பிரபு? சுருக்கமா சொல்லுங்க.

பாரிஸுக்கு வடகிழக்கே பிக்கார்டி பக்கம் கூசின்னு ஒரு மேட்டு மேல இருக்கற கோட்டை, அந்தக் கோட்டைக்கும் சுத்துப்பட்டு ஊர்களுக்கும் எஜமான். 1340-ல பொறந்தவர், 1397 பிப்ரவரி 18-ல இன்னைக்கு துருக்கில இருக்கற புர்சா ஊர்ல, ஒட்டோமான் சுல்தானோட கைதியா இறந்தாரு. இங்கிலாந்து ராஜா மூணாம் எட்வர்டுக்கு மூத்த மருமகன், அதே சமயம் பிரெஞ்சு ராஜா அஞ்சாம் சார்லஸ் ரொம்ப நம்பின ஆளு, அதுவும் அந்த ரெண்டு நாடும் நூறாண்டுப் போர்ல அடிச்சுக்கிட்டு இருந்த காலத்துல.

இவர் கதைய எழுதறவங்க பெரும்பாலும் போர் போரா எழுதிட்டுப் போயிடறாங்க. எனக்கு அது சரியா படல. அம்மா, கொள்ளுப்பாட்டி, பொண்டாட்டி, பொண்ணுங்க, இவங்க வழியா படிச்சாதான் இந்த மனுஷன் ஏன் அங்க போனாரு, ஏன் அந்த சண்டைல இறங்கலன்னு புரியுது. கீழ உள்ள பதில் எல்லாமே அந்த வழியிலதான் போகும்.

கூசி குடும்பம் எங்க இருந்து ஆரம்பிக்குது?

11-ஆம் நூற்றாண்டு கடைசில முதலாம் ஆங்கெரான்னு ஒருத்தர் கூசிய கைல எடுத்துக்கறாரு, அங்க இருந்துதான். அவர் மகன் தாமஸ் த மார்ல் முதல் சிலுவைப் போருக்குப் போய்ட்டு வந்தவர், ஆனா ஊர்ல பேரு வாங்கினது கொடூரத்துக்கு. 1112-ல பக்கத்து ஊரான லான்ல ஜனங்க கிளர்ச்சி பண்ணி பிஷப் கோத்ரிய கொன்னாங்க, கொன்னவங்களுக்கு அடைக்கலம் குடுத்தது இந்த தாமஸ்தான், ஆறாம் லூயி ராஜாவே இவர் மேல படை எடுத்துட்டு வர வேண்டியதாச்சு.

அதுக்கப்புறம் வர்ற தலைமுறைங்க வரிசையா சிலுவைப் போர்ல போய் செத்திருக்காங்க. இரண்டாம் ஆங்கெரான் இரண்டாம் சிலுவைப் போர்ல, முதலாம் ரவூல் 1191-ல ஆக்கர்ல, இரண்டாம் ரவூல் 1250-ல எகிப்துல மன்சூரால. நம்ம ஏழாம் ஆங்கெரான் 56 வயசுல மறுபடி கிழக்கே கிளம்பினாருன்னா அது திடீர்னு வந்த ஆசை இல்ல, குடும்பத்துல 300 வருஷமா இருந்த பழக்கம்.

அந்த பெரிய கோபுரம் கட்டினது இவரா?

இல்ல, கட்டினது மூணாம் ஆங்கெரான், 1242-ல இறந்தவர். 1220-கள்ல ஆரம்பிச்சு கட்டின வட்டக் கோபுரம், உயரம் கிட்டத்தட்ட 54 மீட்டர், குறுக்களவு 31 மீட்டர் பக்கம், ஐரோப்பாவுல அப்படி ஒரு கோபுரம் வேற யார்கிட்டயும் இல்ல. ராஜாவே பாரிஸ்ல லூவ்ர்ல கட்டின கோபுரம் இதுக்கு முன்னால சின்னது. "நான் ராஜா இல்ல, இளவரசன் இல்ல, டியூக்கும் இல்ல, கவுன்ட்டும் இல்ல, நான் கூசி பிரபு" அப்படின்னு இந்தக் குடும்பத்துக்கு ஒரு வாசகம் உண்டு (டியூக், கவுன்ட் எல்லாம் வெறும் பிரபுவ விட பெரிய பட்டங்கள்), அந்தக் கோபுரத்த மனசுல வச்சுக்கிட்டு படிச்சா அந்த திமிரு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியும். இதே மூணாம் ஆங்கெரானோட பொண்ணு மேரி 1239-ல ஸ்காட்லாந்து ராஜா இரண்டாம் அலெக்சாண்டர கட்டிக்கிட்டாங்க, அடுத்த ராஜா மூணாம் அலெக்சாண்டர் அவங்க பெத்த பிள்ளை. அதாவது டியூக் கூட இல்லாத ஒரு பிரபுவோட பேரன் ஒரு நாட்டுக்கு ராஜா.

அப்போ ஏழாம் ஆங்கெரான் நேரடியா அந்த ஆண் வாரிசா?

இங்கதான் நிறைய பேர் தப்பா வம்சாவளி போடறாங்க. நாலாம் ஆங்கெரான் 1311-ல பிள்ளை இல்லாம இறந்துட்டாரு. (இந்த நாலாமவர்தான் தன்னோட காட்டுல வேட்டையாடினாங்கன்னு மூணு இளைஞர்கள தூக்குல போட்டவர், 1259-ல ஒன்பதாம் லூயி, அதான் செயின்ட் லூயி, இவர கூப்பிட்டு விசாரிச்சு பெரிய அபராதம் போட்டாரு. பிரபுன்னா என்ன வேணா செய்யலாம்ங்கற நெனப்புக்கு விழுந்த முதல் அடிகள்ல அது ஒண்ணு.) அதோட நேரடி ஆண் வழி முடிஞ்சுது. சொத்து போனது அவரோட அக்கா தங்கச்சில ஒருத்தரான ஆலிஸோட பையனுக்கு. ஆலிஸ் கட்டிக்கிட்டது கீன் நாட்டு கவுன்ட் மூணாம் ஆர்னூல, அந்தப் பையன்தான் அஞ்சாம் ஆங்கெரான். கூசின்னு பேரும் கொடியும் எடுத்துக்கிட்டாலும் அப்பா வழில அவர் கீன் குடும்பம்.

வரிசை இப்படி வரும்: அஞ்சாம் ஆங்கெரான், அவர் மகன் கியோம், அவர் மகன் ஆறாம் ஆங்கெரான், அவர் மகன் நம்ம ஏழாமவர். ஆக இவர் கூசியானதே ஒரு பொண்ணு வழியா.

அந்த அஞ்சாமவர் பொண்டாட்டி கிறிஸ்தியான் யாருன்னும் இங்கயே சொல்லிடறேன், பின்னால தேவைப்படும். ஸ்காட்லாந்து ராஜாவா இருந்த ஜான் பேலியலோட தங்கச்சி மகள். அந்த அம்மா வழியா வட இங்கிலாந்துல இந்தக் குடும்பத்துக்கு நிலத்து மேல உரிமை இருந்துச்சு.

அப்பா அம்மா பத்தி சொல்லுங்க.

அப்பா ஆறாம் ஆங்கெரான், இங்கிலாந்தோட நடந்த போர்ல இவருக்கு ஆறு வயசு பக்கம் இருக்கும்போது போயிட்டாரு. அம்மா ஆஸ்திரியாவுல இருந்து வந்த கேத்தரின், ஹாப்ஸ்பர்க் குடும்பம், டியூக் முதலாம் லெயோபோல்டோட மகள். 1315-ல மோர்கார்ட்டன்ல சுவிஸ்காரங்ககிட்ட தோத்தாரே, அதே லெயோபோல்ட்தான். அந்த அம்மா இன்னொரு கல்யாணமும் பண்ணிக்கிட்டு, 1349-ல கொள்ளைநோய் ஐரோப்பாவ வாரிக்கிட்டுப் போன சமயத்துல அவங்களும் போயிட்டாங்க. ஒன்பது வயசுல அப்பாவும் இல்ல அம்மாவும் இல்ல, கைல ஒரு பெரிய கோட்டை, அம்மா சொத்து மேல தீராத ஒரு வழக்கு.

1358-ல ஜாக்கரின்னு விவசாயிங்க கிளர்ச்சி வெடிச்சப்போ 18 வயசு பையனா தன் பகுதில அத அடக்கறதுக்கு இவர்தான் முன்னால நின்னாரு. ரத்தம் சிந்தின வேலை அது, அத மறைச்சுட்டு இவர நல்லவர்னு எழுதறது நியாயமில்ல. அதே ஆளு பத்து வருஷம் கழிச்சு, 1368-ல, 22 ஊருக்கு ஒரு சாசனம் குடுத்து அடிமைக் கட்டுப்பாட்ட நீக்கினாரு, அதுக்கு ஊர்க்காரங்க வருஷா வருஷம் பணம் கட்டணும்னு ஏற்பாடு. கொள்ளைநோய்க்கு அப்புறம் ஆளே கிடைக்காத காலம், சுதந்திரம் தேடி ஜனங்க வேற ஊருக்குப் போயிட்டா நிலத்த யார் உழறது? கருணையும் இருந்திருக்கலாம், கணக்கு கண்டிப்பா இருந்துச்சு.

பிரெஞ்சு பிரபு எப்படிங்க இங்கிலாந்து ராஜாவுக்கு மருமகன் ஆனாரு?

பணயக்கைதியா போய்தான். 1356-ல ப்வாத்தியே போர்ல பிரெஞ்சு ராஜா இரண்டாம் ழானயே இங்கிலீஷ்காரங்க பிடிச்சுட்டாங்க, 1360-ல ஒப்பந்தம் போட்டப்போ மீட்புத் தொகை 30 லட்சம் பொன்காசு, அது கட்டி முடியற வரைக்கும் பெரிய வீட்டுப் பிள்ளைங்க 40 பேர் லண்டன்ல பிணையா இருக்கணும்னு ஷரத்து. அதுல நம்மாளும் ஒருத்தர். கைதின்னா ஜெயில்னு நெனக்காதீங்க, அரண்மனை விருந்து, ஆட்டம் பாட்டம், வேட்டை எல்லாம் உண்டு. அந்தக் காலத்து வரலாற்று எழுத்தாளர் ஃபுவாசார் அதே அரண்மனைல ராணி ஃபிலிப்பாகிட்ட வேலை பார்த்தவர், இந்த இளம் பிரபு ஆடறதும் பாடறதும் எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சுன்னு எழுதி வச்சிருக்காரு.

எட்வர்டோட மூத்த பொண்ணு இசபெல்லாவுக்கு அப்பா செல்லம் ஜாஸ்தி. 1347-ல ஃபிளாண்டர்ஸ் கவுன்ட் நிச்சயம் ஆன பிறகு ஓடிட்டாரு, 1351-ல அல்ப்ரே வீட்டுப் பையனோட கல்யாணம் பேசி முடிச்சு கப்பல் ஏறப் போற நேரத்துல இவங்களே வேண்டாம்னுட்டாங்க. 33 வயசு வரைக்கும் தன் இஷ்டப்படி இருந்த பொண்ணு, அந்தக் காலத்து ராஜ வீட்டுல அது சாதாரணம் இல்ல. 1365 ஜூலை 27-ல விண்ட்ஸர்ல ரெண்டு பேருக்கும் கல்யாணம், மாப்பிள்ளைக்கு 25.

சீர் என்ன தெரியுமா, மாப்பிள்ளையோட சுதந்திரம்தான், மீட்புப் பணம் ஒரு காசு இல்லாம விடுதலை. கூடவே கொள்ளுப்பாட்டி கிறிஸ்தியான் வழி வட இங்கிலாந்து நிலங்கள், 1366-ல பெட்ஃபோர்டு ஏர்ல் பட்டம் (கவுன்ட்டுக்கு சமமான இங்கிலீஷ் பட்டம்), கார்ட்டர்ங்கற இங்கிலாந்து ராஜாவோட உயர்ந்த வீரர் அமைப்புல இடம். அடுத்த வருஷம் இன்னொரு பிணைக்கைதியான ப்ளுவா வீட்டு கீங்கறவர் தன் விடுதலைக்காக சுவாசோன் சீமைய எட்வர்டுக்கு எழுதிக் குடுக்க, அது அப்படியே மருமகன் கைக்கு வந்துச்சு. கவுன்ட்டும் இல்லன்னு வாசகம் வச்ச வீட்டுல பொறந்தவர் இப்ப பிரான்ஸ்ல கவுன்ட், இங்கிலாந்துல ஏர்ல். ஆனா கடைசி வரைக்கும் கூசி பிரபுங்கற பேர்லதான் அறியப்பட்டாரு.

1369-ல மறுபடி போர் வந்தப்போ எந்தப் பக்கம் நின்னாரு?

ரெண்டு பக்கமும் நிக்கல. பிரெஞ்சு ராஜாவுக்கு விசுவாசம் சொன்னவர், இங்கிலாந்து ராஜாவுக்கும் ஏர்ல் பட்டத்துக்காக விசுவாசம் சொன்னவர், ஒண்ண மீறாம இன்னொண்ண காப்பாத்த முடியாது. அதனால இத்தாலிக்குப் போயிட்டாரு, போப் பக்கம் நின்னு மிலான ஆண்ட விஸ்கொன்தி குடும்பத்த எதிர்த்து சண்டை போட்டாரு, 1373 மே மாசம் மோந்திகியாரில இங்கிலீஷ் கூலிப்படைத் தலைவர் ஜான் ஹாக்வுட்டும் இவரும் சேர்ந்து ஜெயிச்சாங்க. இத கோழைத்தனம்னு சிலர் சொல்றாங்க, என்னால ஒத்துக்க முடியல. வாக்குதான் அந்த சமூகத்தோட அஸ்திவாரம், மாமனார எதிர்த்து வாள் தூக்கலன்னு எந்த ராஜாவும் அவர துரோகின்னு சொல்லல. ரெண்டு ராஜாவுமே மதிச்சாங்க.

1377 ஜூன்ல எட்வர்ட் இறந்ததும் அந்த முடிச்சு அவுந்துச்சு. ஆகஸ்ட் 26-ல புது ராஜா இரண்டாம் ரிச்சர்டுக்கு, அதாவது மச்சான் மகனுக்கு, கடிதம் எழுதி கார்ட்டர திருப்பி அனுப்பி, இனி பிரெஞ்சு ராஜாதான் என் எஜமான்னு சொல்லிட்டாரு. அதோட குடும்பமும் ரெண்டா போச்சு. இசபெல்லா சின்னப் பொண்ணோட இங்கிலாந்துல தங்கிட்டாங்க, பெரிய பொண்ணு மேரி பிரான்ஸ்ல. ஒரு கடிதத்துக்காக ஒரு வீடு கொடுத்த விலை அது.

சுவிட்சர்லாந்துல "கூக்லர் போர்"னு சொல்றாங்களே, அதுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

அம்மா வழி சொத்து வழக்குதான் அந்தப் போர். (இவர் படைக்காரங்க போட்டிருந்த முக்காடு மாதிரி தலைக்கவசத்த வச்சு சுவிஸ்காரங்க வச்ச பேரு கூக்லர்.) அல்சாஸ் பக்கம் சுண்ட்காவ், ரைன் அந்தப் பக்கம் பிரைஸ்காவ், இதெல்லாம் கேத்தரினுக்கு சேர வேண்டியதுன்னு இவர் வாதம். அங்க ஆண்டுக்கிட்டு இருந்த ஹாப்ஸ்பர்க் டியூக்குகள் மூணாம் ஆல்பர்ட்டும் மூணாம் லெயோபோல்டும் யாரு? கேத்தரினோட சித்தப்பா பசங்க, அதாவது இவருக்கு தாய்மாமன் முறை. மாமன்கிட்ட சொத்து கேட்டு படையோட போனாரு.

1375-ல கிளம்பினாரு. ஒப்பந்தம் போட்டு சண்டை நின்ன நேரம், சம்பளம் இல்லாத கூலிப்படைங்க பிரான்ஸ சூறையாடிக்கிட்டு இருந்துச்சு, அவங்கள நாட்ட விட்டு வெளிய அனுப்ப அஞ்சாம் சார்லஸுக்கு இத விட நல்ல சாக்கு கிடைக்குமா, பணமும் குடுத்து அனுப்பி வச்சாரு. வேல்ஸ் இளவரசர் ஓவைன் லாகோச்சும் கூட வந்தாரு. லெயோபோல்ட் எதிர்ல வரவே இல்ல, வயல எல்லாம் தானே எரிச்சுட்டு மதிலுக்குள்ள உக்காந்துட்டாரு. குளிர், பசி, சாப்பாடு தேடி படை மூணா பிரிஞ்சு ஆரே ஆத்துப் பக்கம் பரவுச்சு. அப்புறம் அந்த ஊர் ஜனங்களே எழுந்தாங்க: டிசம்பர் 19 பூட்டிஸ்ஹோல்ஸ், கிறிஸ்துமஸ் ராத்திரி இன்ஸ், அடுத்த ராத்திரி ஃபிராவுப்ருன்னன் மடத்துல ஓவைன் படை தூங்கும்போது பெர்ன்காரங்க புகுந்து தீ வச்சாங்க. ஓவைன் தப்பிச்சாரு, படை தப்பிக்கல. கூசி வெறுங்கையோட திரும்பினாரு. 1387-ல ஒரு சமரசமா பியூரனும் நிடாவும் கைக்கு வந்துச்சு, அடுத்த வருஷமே பெர்னும் சொலொதூர்னும் அதையும் பிடுங்கிக்கிட்டாங்க. பாதிக்கப்பட்டது யாருன்னு பார்த்தா மாமனும் இல்ல மருமகனும் இல்ல, ஆரே கரையில குளிர்காலத்துல வீடு எரிஞ்ச குடியானவங்கதான்.

படைத் தலைமையே வேண்டாம்னு சொன்னாராமே?

ஆமா. 1380 ஜூலைல பிரெஞ்சுப் படையோட தலைமைத் தளபதி பெர்த்ராண் து கெக்லான் இறந்ததும் சார்லஸ் அந்தப் பதவிய இவருக்குதான் குடுக்க நெனச்சாரு. இவர் மறுத்துட்டு ஒலிவியே த க்ளிஸோன கை காட்டினாரு. அதுக்கப்புறமும் ஓயல: 1382-ல ரோஸ்பெக் போர், 1384-ல நேப்பிள்ஸ்ல இருந்த ஆஞ்சு டியூக் லூயிக்கு உதவிக்குப் போற வழில அரெத்சோ ஊர பிடிச்சு, அந்த டியூக் செத்துட்டாருன்னு தகவல் வந்ததும் ஊர ஃபுளோரன்ஸுக்கு 40,000 ஃபுளோரினுக்கு வித்துட்டு வந்தாரு, 1390-ல துனிசியா கரைல மஹ்தியா முற்றுகை.

நிக்கோபோலிஸ்ல என்ன தப்பு நடந்துச்சு?

அனுபவம் உள்ளவங்க சொன்னத கேக்கல, அவ்வளவுதான். 1396-ல ஹங்கேரி ராஜா சிகிஸ்மண்டுக்கு உதவியா பிரெஞ்சு, பர்கண்டி பிரபுக்கள் போனாங்க. பேருக்கு தலைவர் பர்கண்டி டியூக் மகன் ழான், 25 வயசு. கூசிய கூட அனுப்பினதே பையனுக்கு புத்தி சொல்லத்தான். டான்யூப் கரைல நிக்கோபோலிஸ முற்றுகை போட்டாங்க, மதில இடிக்க இயந்திரம் ஒண்ணு கூட எடுத்துட்டுப் போகல. சுல்தான் பாயேசித் நெருங்கறப்போ கூசி கொஞ்சம் குதிரைப்படையோட போய் ஒரு துருக்கிப் படைய பொறில மாட்ட வச்சு ஜெயிச்சாரு. அதுவே வினையாச்சு, பெருமைய இவரே தட்டிக்கிட்டு போறாருன்னு தளபதி ஃபிலிப் தர்த்வாவுக்கு பொறாமை.

செப்டம்பர் 25 காலைல சிகிஸ்மண்ட் சொன்னாரு, முதல்ல என் ஆளுங்க லேசான படைய சந்திக்கட்டும், நீங்க பாயேசித்தோட முக்கியப் படைக்காக காத்திருங்கன்னு. கூசியும் கடற்படைத் தளபதி ழான் த வியனும் அதுதான் சரின்னாங்க. தர்த்வாவும் இளவட்டங்களும் கேக்கல, மேட்டு மேல குதிரைய விரட்டினாங்க. நட்டு வச்ச கூர்க் கம்பு, அம்பு மழை, அதையும் உடைச்சுக்கிட்டு மேல ஏறினா அங்க பாயேசித் புதுப் படையோட நிக்கறாரு. வேண்டாம்னு சொன்ன ழான் த வியன் அங்கயே செத்தாரு, வேண்டாம்னு சொன்ன கூசி பிடிபட்டாரு. சொன்னத கேக்கலயேன்னு பின்னால நிக்காம ரெண்டு பேரும் கூடவே போனாங்க பாருங்க, எனக்கு அந்த இடம் எப்ப படிச்சாலும் தாங்கல.

மறுநாள் கைதிகள்ல பெரும்பாலானவங்கள கண் முன்னால வெட்டினாங்க, பணம் தேறும்னு பெரிய பிரபுக்கள மட்டும் விட்டு வச்சு புர்சாவுக்கு கொண்டு போனாங்க. மீட்புத் தொகை 2,00,000 ஃபுளோரின் பேசி முடிக்கறதுக்குள்ள இவர் காலம் முடிஞ்சுடுச்சு. இறக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னால உயில்ல பின்குறிப்பு எழுதினாரு. இதயம் மட்டும் ஊருக்கு வந்து, சுவாசோன் பக்கத்துல 1390-ல அவரே கட்டின செலஸ்தீன் துறவிகள் மடத்துல புதைச்சாங்க.

காதலன் இதயத்த மனைவிக்கு சமைச்சுப் போட்ட கதை இவரோடதா?

இல்லவே இல்ல. அந்தக் கட்டுக்கதை "கூசி கோட்டைக் காவலர்"னு சொல்லப்பட்ட கவிஞர் கீ மேல ஏத்தினது. அவர் பிரபு இல்ல, கோட்டைல அதிகாரியா இருந்தவர், 1203-ல நாலாம் சிலுவைப் போருக்குப் போற வழில இறந்தாரு. இதயம் ஊருக்கு வந்ததுனால ரெண்டு பேரையும் குழப்பிக்கறாங்க.

மூணு பொண்ணுங்களும் என்ன ஆனாங்க?

இங்கிலாந்து இசபெல்லா பெத்த ரெண்டு பேர்ல சின்னவ ஃபிலிப்பா கதைதான் மனசுக்கு கஷ்டம். இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு ஏர்ல் ராபர்ட் த வியருக்கு கட்டிக் குடுத்தாங்க, ரிச்சர்ட் ராஜாவோட செல்லப்பிள்ளை அவர், அயர்லாந்து டியூக் பட்டம் வரைக்கும் போனவர். 1387-ல அவர் ராணியோட தோழி ஆக்னஸுக்காக ஃபிலிப்பாவ தள்ளி வச்சாரு. ராஜ பேத்திய இப்படி பண்ணிட்டானேன்னு ராஜாவோட சித்தப்பாங்க கொதிச்சாங்க, த வியரோட சொந்த அம்மாவே மருமகள் பக்கம் நின்னு மகன சபிச்சாங்க. அவர் நாட்ட விட்டு ஓடி 1392-ல லூவேன்ல இறந்தாரு. ஃபிலிப்பா பிள்ளை இல்லாம 1411-ல இறந்தாங்க.

1386-ல இவர் லொரேன் டியூக் மகள் இசபெல்ல இரண்டாவதா கட்டிக்கிட்டாரு, அதுல பொறந்த பொண்ணும் இசபெல், நெவேர் கவுன்ட் ஃபிலிப்ப கட்டிக்கிட்டு 1411-ல போயிட்டாங்க. ஆண் பிள்ளைன்னா பெர்சவால்னு ஒருத்தர், கல்யாணத்துக்கு வெளிய பொறந்தவர், அதனால வாரிசு உரிமை இல்ல.

மூத்தவ மேரிதான் பாரத்த சுமந்தாங்க. புருஷன் பார் வீட்டு ஹென்றி, மாமியார் அஞ்சாம் சார்லஸோட தங்கச்சி. ஹென்றியும் நிக்கோபோலிஸ் போய் திரும்பி வர்ற வழில 1397-ல இத்தாலில செத்தாரு. அப்பாவும் புருஷனும் ஒரே வருஷத்துல. ஒரு பக்கம் சின்னம்மா சொத்துக்கு வழக்கு, இன்னொரு பக்கம் அப்போதைய ராஜா ஆறாம் சார்லஸோட தம்பி ஓர்லியான் டியூக் லூயி வித்துடு வித்துடுன்னு நெருக்க, 1400-ல 4,00,000 லீவ்ருக்கு கூசி கைமாறுச்சு, அந்தப் பணமும் முழுசா வந்து சேரல. 1405-ல மேரி திடீர்னு இறந்தாங்க. லூயியோட பேரன் 1498-ல பன்னிரண்டாம் லூயியா முடி சூடினப்போ கூசி ராஜ சொத்தாயிடுச்சு.

அப்போ வம்சம் அதோட முடிஞ்சுதா?

பேரு போச்சு, ரத்தம் போகல. மேரியோட மகன் ராபர்ட் 1415-ல அஜின்கோர்ட்ல செத்தாரு, அதே களத்துலதான் சித்தி இசபெலோட புருஷன் ஃபிலிப்பும். ராபர்ட்டுக்கு ஒரே பொண்ணு ழான், அவங்க லக்ஸம்பர்க் வீட்டு லூயிய கட்டிக்கிட்டாங்க, அவங்க மகன் பியேர், பியேர் மகள் மேரி, அவங்க வாந்தோம் கவுன்ட் ஃபிரான்ஸுவா த பூர்போன கட்டிக்கிட்டாங்க. அங்க இருந்து மகன் ஷார்ல், பேரன் அந்த்வான், கொள்ளுப்பேரன் பிரெஞ்சு ராஜா நாலாம் ஹென்றி. அதாவது பிரான்ஸோட பூர்போன் ராஜாக்கள் எல்லாரும் கூசி வாரிசு. அதே மேரியோட பொண்ணு அந்த்வானெத் கீஸ் டியூக்க கட்டிக்கிட்டாங்க, அவங்க பேத்தி ஸ்காட்லாந்து ராணி மேரி ஸ்டூவர்ட், அந்த ராணி மகன் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் ராஜா. ஆங்கெரான் கார்ட்டர திருப்பி அனுப்பின நாட்டு சிம்மாசனத்துல 1603-ல அவர் வாரிசே உக்காந்தாரு, பெரும்பாலும் பொண்ணுங்க கை மாத்திக் குடுத்த ரத்தத்தால.

கூசிங்கற பேரோட பின்னால வந்தவங்க யாரு அப்போ?

அது வெர்வேன் கிளை. மூணாம் ஆங்கெரானோட தம்பி தாமஸ் வழி வந்த குடும்பம், ஏழாமவரோட நேரடி வாரிசு இல்ல, பங்காளி முறை. 1544-ல பூலோன் ஊர எட்டாம் ஹென்றிகிட்ட ஒப்படைச்சதுக்காக 1549-ல தலை வெட்டப்பட்ட ழாக் த கூசி இந்தக் கிளைதான். வம்சாவளி தேடறவங்க வெர்வேன் ஆளு யாரையாவது ஏழாமவர் மகன்னு போட்டிருந்தா அந்த அட்டவணைய அப்படியே விட்டுடுங்க.

கோட்டை இப்ப இருக்கா?

மதிலும் வாசல்களும் இருக்கு, பெரிய கோபுரம் இல்ல. 1652-ல பிரெஞ்சு முதலமைச்சர் மாசரானோட ஆளுங்க வெடி வச்சு பாழாக்கினாங்க, அதையும் தாண்டி கோபுரம் நின்னுச்சு, 1692 நிலநடுக்கத்துல விரிசல் விட்டும் நின்னுச்சு, 19-ஆம் நூற்றாண்டுல கட்டடக் கலைஞர் வியோலெ-ல-டுக் இரும்பு வளையம் போட்டு கட்டினாரு. 1917 மார்ச்ல முதல் உலகப் போர்ல பின்வாங்கற ஜெர்மன் படை, ஜெனரல் லூடன்டார்ஃப் உத்தரவுப்படி 28 டன் வெடிமருந்து வச்சு தகர்த்துட்டாங்க. இடிக்க வேண்டாம்னு அவங்க பக்கத்து தளபதி பவேரியா இளவரசர் ருப்ரெக்டே கேட்டும் கேக்கல. போறவங்க லான்ல தங்கிட்டு போங்க, கதீட்ரலையும் சேர்த்து பாக்கலாம். கூசில முதல்ல லான் வாசல பாருங்க, மூணாம் ஆங்கெரான் காலத்து கட்டட வேலையோட அளவு அங்கதான் இன்னும் முழுசா நிக்குது.